மெருகுக் கலங்களும் நிழற்படங்களும்

வடநாட்டுப் பீங்கான் கலங்களைப் பற்றிப் படப்புத்தகங்களும் கண்காட்சி மலர்களும் நிறைய வருகின்றன. அச்சு நேர்த்தி, தாள் நேர்த்தி எதிலும் குறையில்லை. ஆனால் உள்ளே இருக்கும் படங்களைப் பார்த்தால் எனக்கு மனம் ஒப்புவதில்லை. பொருளை வாங்கி விற்றே கண் பழகியவன் நான். ஒரு கலத்தைக் கையில் எடுத்ததும் முதலில் வெளிச்சத்தில் திருப்பித்தான் பார்ப்பேன். அந்தத் திருப்பிப் பார்த்தலுக்கு இப்படங்களில் இடமே இல்லை.

பழைய படங்களின் குற்றம் எல்லாருக்கும் தெரிந்ததே. காமிராவிலிருந்தே ஃபிளாஷ் அடித்து எடுப்பார்கள். குர்ஜா ஜாடியின் வயிற்றில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். அவ்விடத்துப் பூவும் கொடியும் காணாமல் போகும். டியூப்லைட், ஜன்னல், சில சமயம் எடுத்தவரின் தலைகூடத் தெரியும்! கிளேஸ் என்னும் கண்ணாடி மெருகு பூசிய உருண்டைக் கலம் குவி ஆடி மாதிரி, எதிரே இருக்கும் அறை முழுவதையும் தன்மேல் வாங்கிக்கொள்ளும். தட்டையான ஓட்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. தில்லி லோதி தோட்டத்து ஷீஷ் கும்பதில் எஞ்சியிருக்கும் நீல ஓடுகளை, வெயில் பக்கவாட்டில் விழும்போது எதிரொளி படாத இடமாகப் பார்த்து நின்றால் யாரும் எடுத்துவிடலாம்.

புதிய படங்களின் குற்றம் இதற்கு நேர் எதிர். விளக்குக்கு முன்னால் ஒரு போலரைசர் தாள், லென்சின்மேல் ஒரு போலரைசர். இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திருப்பிவிட்டால் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி அநேகமாக முழுவதும் அறுந்துபோகும். (லென்சில் மட்டும் மாட்டினால் பாதிக் கிணறு தாண்டியதுதான். கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 பாகையில் வரும் ஒளியைத்தான் அது நன்றாக வெட்டும். வளைந்த வயிற்றில் அந்தக் கோணம் சிற்சில இடங்களில்தான் அமையும்.) வண்ணம் ஆழமாக, கோடு துல்லியமாக வந்துவிடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் கலம் காகிதத்தில் செய்தது போல் ஆகிவிடுகிறதே!

இது வெறும் அழகு பற்றிய சச்சரவு என்று நான் எண்ணவில்லை. ஜெய்ப்பூர் நீலக்கலத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் சவாய் ராம்சிங் காலத்தில் அங்கே வேரூன்றி, பின்பு நலிந்து, கிருபால் சிங் ஷெகாவத் (1922-2008) கையில் மறுவாழ்வு பெற்ற கலை. குயவர் களிமண் அதில் கிடையாது. படிகக்கல் தூள், கண்ணாடித் தூள், முல்தானி மட்டி, பிசின் எல்லாம் சேர்த்துப் பிசைந்த மாவு. கோபால்ட் நீலமும் செம்பு தரும் பச்சைநீலமும் கொண்டு தீட்டி, அதன்மேல் மெருகுக் கரைசல் கொடுத்து, ஒரே தடவை சுடுவார்கள். ஆக, சித்திரம் மெருகுக்கு அடியில் கிடக்கிறது. வெளிச்சக் கீற்று ஒன்று கலத்தின்மேல் ஓடினால், சித்திரக் கோட்டைத் தாண்டும்போதும் உடையாமல் ஓடும். சுட்டபிறகு மேலே பெயிண்ட் பூசிய மலிவுச் சரக்கில் அந்தக் கீற்று கோட்டின் ஓரத்தில் தடுக்கும், மங்கும். பளபளப்பை அடியோடு துடைத்த படத்திலோ இரண்டும் ஒன்றுதான். அசலுக்கும் போலிக்கும் வேறுபாடு சொல்லும் சாட்சியைப் படம் எடுப்பவரே அழித்துவிடுகிறார். நம் பிள்ளைகள் போனில் படம் பார்த்தே வாங்குகிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். ஜப்பான் சென்று பயின்று வந்த சர்தார் குர்சரண் சிங்கின் தில்லி நீலக்கலங்களுக்கு இன்னும் மோசம். அவற்றில் பலவற்றுக்கு மெருகின் ஆழமே அழகு. அதைத் துடைத்தால் மிச்சம் என்ன?

நல்ல படத்துக்குப் பெரிய செலவும் இல்லை. வடக்குப் பார்த்த ஜன்னல், அதன்மேல் வெள்ளை மல் துணி, மற்றப் பக்கங்களில் கறுப்புத் துணி, காமிராவுக்கு முன் நடுவில் ஓட்டை போட்ட கறுப்பு அட்டை. ஜன்னலையும் துணியால் ஒடுக்கிக்கொண்டால் கலத்தின் தோளில் நீளமான ஒற்றைக் கீற்றுதான் விழும். சித்திரத்தின் ஓரத்தை அது தொட்டுப் போகும்படி கலத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். நாற்புறமும் வெள்ளைத் துணிக் கூடாரம் கட்டி எடுப்பதை நான் அவ்வளவாக ஒப்பமாட்டேன். பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிடும். மெருகை மங்கவைக்கும் ஸ்ப்ரே அடிப்பதோ, பழங்கலத்துக்குச் செய்யும் அநியாயம்.

ஒரு பொருளை ஒரே பக்கம் நின்று சொல்லி முடிக்கலாகாது என்பது சமணர் வீடுகளில் சிறுவயதிலேயே காதில் விழும் அநேகாந்தம். கலத்துக்கு இரண்டு படம் போட்டால் என்ன? குறுக்குப் போலரைசர் வைத்தது ஒன்று, கீற்றோடு ஒன்று, எந்த வெளிச்சத்தில் எடுத்தது என்று அடியில் ஒரு வரி. முக்கால் பக்கத்தை வெள்ளையாகவே விட்டு அச்சிடும் பதிப்பாளர்களுக்கு இடமில்லை என்று சொல்ல வாய் வராது.