வளைசுவரும் எழுத்துச் சாளரமும்

துபை மாநகரின் ஷைகு ஸாயித் நெடுஞ்சாலையோரம் 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் திறக்கப்பட்ட 'மத்ஹஃபுல் முஸ்தக்பல்' எனும் எதிர்கால அருங்காட்சியகத்தைப் பற்றி ஏராளமான புகழுரைகள் வந்துவிட்டன. எழுதியோரிற் பலர் அதன் வடிவை வியந்ததோடு நிறுத்திக்கொண்டனர். அரபு எழுத்தைக் கற்பதிலும் கற்பிப்பதிலும் காலங் கழித்துவரும் நமக்கு எழுந்த வினா சற்று வேறானது. அக்கட்டடத்தில் எழுத்தே சாளரம், சாளரமே எழுத்து. படிக்கப்படுவதும் ஒளி தருவதும் ஆகிய இரு பணிகளையும் ஒரே துளை செவ்வனே ஆற்றுகின்றதா என்பதே அவ்வினா.

கட்டடத்தின் அமைப்பை முதலில் சுருங்கக் காண்போம். பசுமையான மேடொன்றின் மீது, நடுவில் பெருந்துளையுடைய நீள்வளையமாக அது நிற்கின்றது. உயரம் 77 மீட்டர். உள்ளே தூண்கள் இல்லை. குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து பின்னப்பட்ட ஏறத்தாழ 2,400 எஃகு உறுப்புகள் சுமையைத் தாங்குகின்றன. வெளிப்புறத்தை 1,024 தகடுகள் போர்த்தியுள்ளன. வடிவமைத்தது கில்லா டிசைன். பொறியியல் பணி பியூரோ ஹாப்போல்டு நிறுவனத்தினுடையது. துபை ஆட்சியாளர் ஷைகு முஹம்மது பின் ராஷித் எதிர்காலத்தைக் குறித்துக் கூறிய மூன்று வாசகங்களை அமீரகக் கலைஞர் மத்தர் பின் லாஹிஜ் எழுதிக்கொடுக்க, அவ்வெழுத்துகளே கண்ணாடிச் சாளரங்களாகத் திறக்கப்பட்டன. கணினியின் துணையின்றி இப்படியொரு கட்டடத்தை எழுப்பியிருக்க இயலாது என்பதில் ஐயமில்லை.

கணினி எளிதாக்கியது எதை, எளிதாக்காதது எதை என்பதைத் தெளிந்துகொண்டாலன்றி இக்கட்டடத்தை மதிப்பிட முடியாது. இதை நமக்கு உணர்த்தியது ஒரு சிறு நிகழ்ச்சி. நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது கட்டட வரைவுப் பணியில் இருக்கின்றார். வட்டமான கூடமொன்றின் வரைபடத்தைக் கணினித் திரையில் காட்டினார். சுவரின் ஆரம் 3 மீட்டர்; சாளரத்தின் அகலம் ஒன்றரை மீட்டர். சாளரத்தைச் சுவரில் வைத்த மாத்திரத்தில் மென்பொருள் துளையிட்டுக் கொடுத்துவிட்டது. ஆனால் சுவர் வளைந்திருக்க, சாளரச் சட்டம் நேராகவே நின்றது. சட்டத்தின் இரு விளிம்புகளும் சுவரின் வெளிமுகத்தைத் தொட்டபோது, அதன் நடுப்பகுதி வளைவிலிருந்து ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் உள்வாங்கியிருந்தது. ஒன்பது அங்குலச் சுவரில் இது சிறிய வேறுபாடன்று. "ஹஜ்ரத், இது பிழை காட்டவில்லை, ஆனால் கொத்தனார் என்னைக் கேட்பார்" என்றார் அவர்.

அவர் குறிப்பிட்ட இடைவெளிக்கு அரபுக் கணித நூல்களில் அழகியதொரு பெயருண்டு. வட்டத்தின் பகுதி 'கவ்ஸ்', அதாவது வில். அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு 'வதர்', அதாவது நாண். தமிழிலும் இவை வில்லும் நாணுமே. நாணின் நடுவிலிருந்து வில்லின் நடுவரை செல்லும் கோட்டை அவர்கள் 'ஸஹ்ம்' என்றனர். அம்பு என்பது பொருள். சாளரத்தின் அகலத்தை அதனாலேயே பெருக்கி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் அம்பின் நீளம் ஏறத்தாழக் கிடைத்துவிடும். வளைந்த சுவரில் நேரான சாளரம் வைப்போர் அனைவரும் இந்த அம்பிற்கு விடை சொல்லியாக வேண்டும். கண்ணாடியை வளைக்கலாம், சாளரத்தைக் குறுகிய துண்டுகளாகப் பிரிக்கலாம், சுவரின் பருமனுக்குள் வேறுபாட்டை அடக்கிவிடலாம். எதைத் தேர்வதென்று மென்பொருள் சொல்லாது. ரெவிட் போன்ற மென்பொருள்களில் வளைசுவரைக் கண்ணாடித் திரையாக மாற்றினாலும், அது தட்டையான பல கண்ணாடிகளாகவே வளைவை நிரப்புகின்றது. தீர்மானம் வரைபவருடையது.

முன்னோர் இத்தீர்மானத்தை எவ்வாறு எடுத்தனர் என்பதற்கு இஸ்தன்பூலின் சுலைமானியா பள்ளிவாசல் நல்ல சான்று. மிஃமார் சினான் 1550 முதல் 1557 வரை எழுப்பிய அப்பள்ளியின் பெருங்குவிமாடம் ஏறத்தாழ இருபத்தாறரை மீட்டர் விட்டமுடையது. அதன் அடிவட்டத்தில் 32 சாளரங்கள் உள்ளன. வட்டத்தை 32 ஆகப் பகுத்தால் ஒவ்வொரு பகுதியும் சுமார் 2.6 மீட்டர். அதில் ஒரு மீட்டர் அகலச் சாளரம் வைப்பதாகக் கொண்டு கணக்கிட்டால், அம்பின் நீளம் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. கனத்த சுவர் அதை விழுங்கிவிடும். வளைவையும் நேர்மையையும் சண்டையிட விடாமல் எண்ணிக்கையாலேயே சமாதானப்படுத்தும் வழி இது. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபுல் வஃபா அல்பூஸ்ஜானி கைவினைஞருக்குத் தேவையான வடிவியலைத் தனி நூலாக எழுதியதும், 1427இல் ஜம்ஷீத் அல்காஷீ தம் 'மிஃப்தாஹுல் ஹிஸாப்' நூலில் வளைவுகளையும் குவிமாடங்களையும் முகர்னஸ் அமைப்புகளையும் அளக்கும் முறை கூறியதும் இந்த அறிவின் தொடர்ச்சியே.

துபைக் கட்டடத்தின் சிக்கல் இதனினும் கடினமானது. உருளை வடிவச் சுவர் ஒரு திசையில் மட்டுமே வளைகின்றது. காகிதத்தைச் சுருட்டி அதன்மேல் ஒட்டிவிடலாம். வளைய வடிவமோ இரு திசைகளிலும் வளைகின்றது. வெளிப்பக்கத்தில் பந்தைப் போன்றும், துளையை ஒட்டிய உட்பக்கத்தில் குதிரைச் சேணத்தைப் போன்றும் அது அமைந்திருக்கும். அத்தகைய பரப்பின்மீது தட்டையான ஓவியத்தை இழுக்காமலும் சுருக்காமலும் படிய வைக்க முடியாதென்பது ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827இல் வெளியிட்ட தேற்றத்திலிருந்து பெறப்படுவது. ஆகவே தாளில் எழுதிய எழுத்து சுவரை அடையும்போது, எங்கேனும் நீண்டோ குறுகியோ தீரும்.

ஹிஜ்ரி 328இல் மறைந்த இப்னு முக்லாவின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் 'அல்கத்துல் மன்ஸூப்' எனும் மரபில் எழுத்தின் அழகு அளவில் இருக்கின்றது. எழுதுகோலின் முனை பதிக்கும் புள்ளியே அலகு. அலிஃபின் உயரமும் மற்ற எழுத்துகளின் வளைவும் அப்புள்ளியால் அளக்கப்படும். பரப்பு இழுபடும்போது புள்ளியும் இழுபடுகின்றது, அளவுகோலே மாறிவிடுகின்றது. எனவே இச்சுவரில் எழுத்துகளைப் படியவைப்பது இயந்திரம் தானே முடித்துவிடும் வேலையன்று. எங்கே இழுபடலாம், எங்கே கூடாது என்று கண்ணறிந்த ஒருவர் தீர்ப்பளிக்க வேண்டும். தொலைவிலிருந்து காணும்போது எழுத்துகள் தம் ஓட்டத்தை இழக்காமல் நிற்பது பாராட்டுக்குரியது. இக்கட்டடத்தின் உண்மையான வெற்றி இதுவே என்போம்.

ஆயினும் சாளரம் வெளியே நிற்பவருக்காக மட்டும் திறக்கப்படுவதன்று. உள்ளே வருவோம். ஊடுருவித் திறந்த எழுத்து உள்ளிருந்து நோக்கும்போது இடவலம் மாறித் தோன்றும். உள்ளே நிற்பவருக்கு ஒளி கிடைக்கின்றது, வாசகம் கிடைப்பதில்லை. கண்ணாடி பிம்பம்போல் எழுதும் கலை நம் மரபிற்குப் புதிதன்று. பூர்ஸா நகரின் உலு ஜாமிஃ பள்ளியில் எதிரெதிராக நிற்கும் 'வாவ்' எழுத்துகளைக் கண்டோர் அதை அறிவர். ஆனால் அங்கே இடமும் வலமும் ஒருங்கே காணப்படுமாறு திட்டமிட்டே எழுதினர். இங்கோ உட்புறத் தோற்றம் வெளிப்புறத் தோற்றத்தின் மீதமாக நிற்கின்றது.

பைத்துல் முகத்தஸில் ஹிஜ்ரி 72இல் எழுந்த குப்பத்துஸ் ஸக்ராவோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே உமய்யா காலத்து மொசைக் எழுத்து, ஏறத்தாழ 240 மீட்டர் நீளத்திற்கு, எண்கோண வளைவு வரிசையின் நேரான முகங்களில் ஓடுகின்றது. ஒளிக்கான 16 சாளரங்களோ குவிமாடத்தைத் தாங்கும் வட்டச் சுவரில் இருக்கின்றன. படிப்பதற்கு ஓரிடம், ஒளிக்கு ஓரிடம். பிற்காலத்தில் உஸ்மானியர் குவிமாடத்தின் வளைந்த உட்புறத்திலும் எழுதினர். எனினும் அதுவும் கீழே நிற்பவர் அண்ணாந்து ஓதுவதற்காகவே எழுதப்பட்டது. உள்ளிருப்பவரை அவர்கள் மறக்கவில்லை.

இதனைக் கொண்டு துபைக் கட்டடத்தைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அது பள்ளிவாசலன்று, நகரை நோக்கிப் பேசவே எழுந்த பொதுக்கட்டடம். அந்த எல்லைக்குள் அது தன் கடமையை நிறைவேற்றியிருக்கின்றது. நம் கவலை அதைக் கண்டு எழப்போகும் போலிகளைப் பற்றியது. பொறியாளர் குழுவும், எழுத்துக் கலைஞரும், பெரும் பொருளும் ஒருங்கே வாய்த்த இடத்தில் நிறைவேறிய ஒன்றை, திரையில் சில நொடிகளில் வரைய முடிகின்றது என்பதற்காகவே சிறிய ஊர்ப் பள்ளியின் நிர்வாகிகள் கேட்கத் தொடங்கினால், அதன் விலையைக் கொத்தனாரும் தச்சரும் உள்ளே தொழ வருபவருமே தருவர்.

அரபுக் கல்லூரிகளில் ஒரு காலத்தில் 'இல்முல் ஹய்அத்'தும் 'ஹந்தஸா'வும் பாடமாக இருந்தன. அவை நம் பாடத்திட்டத்திலிருந்து நழுவிவிட்ட இந்நாளில், வில்லையும் நாணையும் அம்பையும் கணினி தெரிந்த இளைஞருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு நமக்கும் உண்டு. நம் மாணவர் அந்த வட்டக் கூடத்தின் சாளரங்களைப் பாதி அகலமாக்கி, எண்ணிக்கையை இரட்டித்து மீண்டும் வரைந்து வந்தார். அம்பு இரண்டரை சென்டிமீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது. சினானின் வழி இதுதான் என்று அவரிடம் சொன்னோம். அவர் அப்பெயரை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டதாகக் கூறினார்.