அன்னையர்மீது குத்தப்பட்ட முத்திரைகள்: இலண்டன் புறநகர் ஆய்வுகள் பற்றிய ஒரு திறனாய்வு

மாநகரங்கள் விரிவடையுங்கால் அவற்றின் ஓரங்களில் புதிய குடியிருப்புகள் எழுகின்றன. அவ்வீடுகளின் சுண்ணாம்பு உலர்வதற்கு முன்னரே, அங்குக் குடியேறிய தாய்மாரைப் பற்றிய பேச்சும் எழுந்துவிடுகிறது. இந்தப் பகுதித் தாய்மார் பிள்ளைகளைத் தெருவில் விட்டுவிடுபவர்கள். அந்தப் பகுதித் தாய்மார் பிள்ளைகளை மடியை விட்டு இறக்காதவர்கள். மற்றொரு பகுதியினர் அண்டைவீட்டாரைப் பார்த்துப் பொருள் வாங்கிக் குவிப்பவர்கள். இவ்வாறு ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தாய் உருவம் வார்க்கப்படுகிறது. பின்னர் அப்பகுதியில் வாழும் ஒவ்வொரு பெண்ணும் அவ்வார்ப்பின் வழியாகவே நோக்கப்படுகிறாள்.

இத்தகைய பேச்சு திண்ணையோடு நின்றுவிடுமாயின் அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அது மருத்துவ ஏடுகளிலும், ஆராய்ச்சி நூல்களிலும், வீட்டு ஒதுக்கீட்டு விதிகளிலும் இடம்பெறும்போது மாந்தர் வாழ்வைத் தொடுகிறது. இலண்டன் மாநகரையும் அதன் புறநகர்களையும் பற்றி 1938 முதல் எழுதப்பட்டு வந்துள்ள சில நூல்களை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம். முத்திரை குத்தியவரே பின்னர் அதனைச் சோதித்துப் பார்த்த அரிய சான்று இங்குக் கிடைப்பதே இத்தேர்வுக்குக் காரணம்.

1. மருத்துவர் வரைந்த மாதிரிப் பெண்

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 40 இலட்சம் வீடுகள் கட்டப்பட்டன. அவற்றில் பெரும்பங்கு நகரங்களின் ஓரங்களில் எழுந்தது. அவ்வீடுகளிலிருந்து மருத்துவமனைக்கு வந்த இளம் பெண்களைக் கண்ட ஸ்டீபன் டெய்லர் என்னும் மருத்துவர், 1938-இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் புறநகர் நரம்புத் தளர்ச்சியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் திருமதி எவரிமேன் என்று பெயரிட்டு ஒரு மாதிரிப் பெண்ணை அவர் உருவாக்கிக் காட்டினார். இளவயது, சிறு குடும்பம், தவணைக் கடனில் வாங்கிய வீடு, பேச்சுத்துணை இல்லாத பகற்பொழுது, உடலில் நோய் ஏதும் காணப்படாவிடினும் ஓயாத தலைவலியும் படபடப்பும். இவளே அவர் காட்டிய புறநகர்த் தாய்.

டெய்லருக்கு இரக்கம் இல்லை என்று கூற இயலாது. அப்பெண்களின் துன்பம் மெய்யானது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அவர்களை நடிப்பவர்கள் என்று தள்ளிவிடவில்லை. ஆயினும் அவரது முறையில் இரு குறைகள் உள்ளன. முதலாவது, அவர் கண்டவர்கள் மருத்துவமனையை நாடி வந்தவர்கள் மட்டுமே. வீட்டிலேயே நலமாக இருந்தவர்கள் அவர் கணக்கில் வரவில்லை. இரண்டாவது, அதே தலைவலியும் படபடப்பும் பழைய நகரத் தெருக்களில் வாழ்ந்த தாய்மாரிடையே எவ்வளவு இருந்தன என்று அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒப்பீடு இல்லாத இடத்தில் நோய்க்கு இடத்தைக் காரணமாக்குவது ஊகமேயன்றி முடிவு ஆகாது.

இதனைப் பிற்காலத்தில் சோதித்தவர் டெய்லரே என்பது குறிப்பிடத்தக்கது. சிட்னி சேவ் என்பாருடன் இணைந்து 1964-இல் அவர் வெளியிட்ட நூல், ஒரு புதுநகரம், ஒரு புறநகர்க் குடியிருப்பு, ஒரு பழைய இலண்டன் பகுதி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டது. நரம்புத் தளர்ச்சியின் அறிகுறிகள் மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்பட்டன. புறநகருக்கே உரிய நோய் என்று ஒன்று இல்லை என்பதே இதன் பொருள். 26 ஆண்டுகளுக்குப் பின் தம் பழைய கருத்தைத் தாமே சோதனைக்கு உட்படுத்திய அவரது நேர்மை போற்றற்குரியது. ஆனால் முத்திரைக்கு ஒரு இயல்பு உண்டு. குத்தியவர் கையை எடுத்துக்கொண்ட பின்னரும் அது அழிவதில்லை. சலிப்புற்ற புறநகர்த் தாய் கதைகளிலும் செய்தித்தாள்களிலும் தொடர்ந்து உலவினாள்.

2. போற்றப்பட்ட அன்னையும் இரங்கப்பட்ட அன்னையும்

அடுத்து நாம் நோக்க வேண்டியது மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் ஆகிய இருவரும் 1957-இல் வெளியிட்ட, கிழக்கு இலண்டனின் குடும்பமும் உறவுமுறையும் பற்றிய நூலாகும். சமூக ஆய்வு நூல்களுள் இதனைப்போல் பரவலாகப் படிக்கப்பட்டவை சிலவே. பழைய தொழிலாளர் பகுதியான பெத்னல் கிரீனையும், எசெக்ஸ் மாவட்டத்தில் இலண்டன் மாவட்ட மன்றம் கட்டிய டெப்டன் குடியிருப்பையும் அது ஒப்பிடுகிறது. டெப்டனுக்கு நூலில் கிரீன்லி என்று புனைபெயர் தரப்பட்டுள்ளது.

பெத்னல் கிரீனில் அன்னையே குடும்பத்தின் அச்சாணி. மணமான மகள் அருகிலேயே குடியிருக்கிறாள். நாள்தோறும் தாய்வீடு சென்று வருகிறாள். பிள்ளைப்பேற்றில் தாயே துணை. மகளுக்கு வாடகை வீடு வேண்டுமாயின் வாடகை வசூலிப்பவரிடம் தாயே பரிந்து பேசுகிறாள். டெப்டனிலோ வீட்டுக்குத் தோட்டம் உண்டு, குளியலறை உண்டு, தாய் இல்லை. கணவன் நெடுந்தொலைவு பயணம் செய்து வேலைக்குச் செல்ல, இளந்தாய் தொலைக்காட்சிப் பெட்டியோடு தனித்திருக்கிறாள். அண்டைவீட்டார் நட்புக் கொள்வதில்லை. திரைச்சீலையையும் தளவாடங்களையும் பார்த்து ஒருவரை ஒருவர் மதிப்பிடுகின்றனர். நூலாசிரியர்கள் நமக்குக் காட்டும் இரு சித்திரங்கள் இவை.

இந்நூலின் நன்மையை மறுப்பதற்கில்லை. சேரி அகற்றம் என்ற பெயரில் மக்களை இடம்பெயர்த்த அதிகாரிகள், சுவரையும் கூரையையும் எண்ணினார்களேயன்றி உறவை எண்ணவில்லை என்பதை அது உணர்த்தியது. எனினும் திறனாய்வு நோக்கில் மூன்று வினாக்கள் எழுகின்றன.

முதலாவது வினா காலத்தைப் பற்றியது. பெத்னல் கிரீன் மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தவர்கள். டெப்டன் மக்களோ சில ஆண்டுகளுக்கு முன் வந்திறங்கியவர்கள். நட்டு மூன்று ஆண்டுகளான கன்றையும் முப்பது ஆண்டு மரத்தையும் அருகருகே வைத்து, கன்றுக்கு நிழல் தரும் குணம் இல்லை என்று தீர்ப்பளிப்பது முறையாகுமா? இவ்வினாவுக்கு வில்மாட்டே 1963-இல் விடை அளித்தார். முதல் உலகப் போருக்குப் பின் எழுந்த டேகன்ஹாம் குடியிருப்பை அவர் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்த நிலையில், மணமான மகள்கள் தாயருகே வாழும் பழக்கமும் அண்டை அயலார் நட்பும் அங்கு மீண்டும் தழைத்திருக்கக் கண்டார். புறநகர்த் தாயின் குணம் எனக் கருதப்பட்டது புதிதாக வந்தவளின் நிலையே என்பது இதனால் தெளிவாகிறது.

இரண்டாவது வினா வகுப்பைப் பற்றியது. நடுத்தர வகுப்பினர் மிகுந்த உட்போர்ட் என்னும் புறநகரை இவ்விருவரும் ஆராய்ந்து 1960-இல் மற்றொரு நூல் வெளியிட்டனர். நட்பற்ற புறநகர் என்ற பொதுக்கருத்தை அவர்கள் அங்குக் கண்டவை உறுதிப்படுத்தவில்லை. அண்டை வீட்டாரிடையே நட்பு நிலவியது. முதுமையடைந்த பெற்றோர் பிள்ளைகளின் அருகே வந்து சேர்ந்தனர். ஆயின் 1957-ஆம் ஆண்டு நூல் பெற்ற புகழை 1960-ஆம் ஆண்டு நூல் பெறவில்லை. முத்திரையை உறுதிப்படுத்தும் நூலுக்கு வாசகர் மிகுதி; அதனைத் தளர்த்தும் நூலுக்கு வாசகர் குறைவு போலும்.

மூன்றாவது வினா கேட்கப்படாத குரல்களைப் பற்றியது. வரலாற்றாசிரியர் ஜான் லாரன்ஸ், யங்கின் கள ஆய்வுக் குறிப்புகளை மீண்டும் படித்து, 2016-இலும் 2019-இலும் தம் கருத்துகளை வெளியிட்டார். நூல் காட்டுவதைவிடப் பலவகைப்பட்ட குரல்கள் அக்குறிப்புகளில் இருந்தன. பழைய தெருவின் நெருக்கத்தை விரும்பாதவர்களும், புதிய வீட்டில் மகிழ்ந்தவர்களும் அவற்றில் பேசினர். மேலும், டெப்டனுக்குச் சென்றவர்கள் பிள்ளைகளின் நலனுக்காகவே சென்றனர் என்பதை 1957-ஆம் ஆண்டு நூலே பதிவுசெய்கிறது. தன் தாயின் அருகாமையைத் தன் பிள்ளைக்காக விட்டுக்கொடுத்த பெண்ணை வெறும் இரக்கத்திற்குரியவளாக மட்டும் காண்பது அவளுடைய தெரிவைக் காணாமல் விடுவதாகும்.

3. புகழ்ச்சியே வேலியாக மாறிய விதம்

இகழும் முத்திரை தீங்கானது என்பதை எவரும் ஒப்புவர். புகழும் முத்திரையும் தீங்காகக்கூடும் என்பதே நாம் ஈண்டு வலியுறுத்த விரும்புவது.

பெத்னல் கிரீன் உள்ளடங்கிய டவர் ஹாம்லெட்ஸ் பகுதிக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வங்காளதேசத்தின் சில்ஹெட் பகுதியினின்று பல குடும்பங்கள் வந்து குடியேறின. 1986 முதல் 1994 வரை லிபரல் கட்சியினர் ஆட்சியிலிருந்த அப்பகுதி மன்றம், உள்ளூர்க் குடிகளின் மகன்களுக்கும் மகள்களுக்கும் வீட்டு ஒதுக்கீட்டில் முன்னுரிமை அளிக்கும் கொள்கையைப் பின்பற்றியது. தாயின் அருகே மகள் வாழவேண்டும் என்பது கேட்பதற்கு இனிய கொள்கை. ஆனால் வீடு குறைவாகவும் தேவை மிகுதியாகவும் இருந்த ஊரில், பழங்குடிகளின் பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்றால் நெருக்கடியில் வாழ்ந்த புதுக்குடிகளுக்குப் பின்வரிசை என்றே பொருள்பட்டது.

2006-இல் ஜெஃப் டென்ச், கேட் கேவ்ரன், மைக்கேல் யங் ஆகியோர் பெயரில் புதிய கிழக்கு இலண்டனைப் பற்றிய நூல் வெளிவந்தது. யங் 2002-இலேயே காலமாகிவிட்டார். தேவையை மட்டும் அளவுகோலாகக் கொண்ட ஒதுக்கீடு பழைய வெள்ளையர் குடும்பங்களின் உறவுப் பிணைப்பைச் சிதைத்தது என்பது அந்நூலின் வாதங்களுள் ஒன்று. பழங்குடிகளின் மனத்தாங்கலைச் செவிமடுத்தது அந்நூலின் தகுதி. ஆயின் ஒரு முரண்பாட்டை நாம் கவனியாமல் இருத்தல் இயலாது. பாட்டியும் தாயும் மகளும் அருகருகே வாழ்தல், உறவினர் கூடி உதவுதல் ஆகிய 1957-ஆம் ஆண்டின் அளவுகோல்களைக் கொண்டு பார்த்தால், வங்காளதேசக் குடும்பங்களே அப்புகழுக்கு முதலில் உரியவர்கள் ஆகியிருக்க வேண்டும். அவ்வாறு ஆகவில்லை. போற்றப்பட்டது தாய்மை அன்று, நம்மவரின் தாய்மை என்பது இதனால் வெளிப்படுகிறது. பிரான்சிலிருந்து வந்த ஹியூகனாட்டுகளும், அயர்லாந்தினரும், யூதரும் ஒரு காலத்தில் வந்தேறிகளாய் இருந்து வளர்த்த ஊர் அது என்பதையும் இங்கு நினைவுகூர்தல் தகும்.

4. துன்பத்தின் உண்மையான ஊற்று

முத்திரைகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது யாது? தாய்மாரின் துன்பம் கற்பனை என்று நாம் கூறவில்லை. அதன் ஊற்றைத் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்றே கூறுகிறோம்.

1966-இல் வெளிவந்த ஹன்னா கேவ்ரனின் நூல், வட இலண்டன் பகுதியில் வாழ்ந்த 96 இளந்தாய்மாரைப் பற்றியது. அது புறநகர் அன்று, நெருக்கமான நகர்ப்பகுதி. ஆயினும் சிறு குழந்தைகளோடு வீட்டுக்குள் அடைபட்ட நிலையும் தனிமையும் அங்கும் காணப்பட்டன. 1978-இல் ஜார்ஜ் பிரௌன், டிரில் ஹாரிஸ் ஆகியோர் தென் இலண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்து, மனச்சோர்வின் சமூகக் காரணிகளை விளக்கினர். கடுமையான இழப்பு அல்லது இடர் நேரும்போது, மனந்திறந்து பேச நெருங்கிய துணை இல்லாமை, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வீட்டில் இருத்தல், வெளியில் வேலை இல்லாமை, சிறுவயதிலேயே தாயை இழந்திருத்தல் ஆகியவை பெண்ணை எளிதில் மனச்சோர்வுக்கு ஆளாக்குகின்றன என்று அவர்கள் கண்டனர். இப்பட்டியலில் தெருவின் பெயர் இல்லை. ஊரின் பெயரும் இல்லை.

இடம் ஒரு பொருட்டே அன்று என்று இதனைக் கொள்ளலாகாது என்று சிலர் மறுப்புரைக்கலாம். அம்மறுப்பு நியாயமானது. பேருந்து அரிதாக வரும் குடியிருப்பில் வாழும் தாய்க்கு அத்துன்பம் உண்டு. கடை தொலைவில் இருந்தால் அதன் சுமையும் அவள்மேல் விழுகிறது. ஆயின் இருவகைக் கூற்றுகளை நாம் பிரித்தறிய வேண்டும். இங்குப் பேருந்து இல்லை என்பது இடத்தைப் பற்றிய கூற்று, அதனைச் சரிபார்க்கலாம், திருத்தவும் செய்யலாம். இங்குள்ள தாய்மார் ஒட்டாதவர்கள் என்பதோ ஆளைப் பற்றிய தீர்ப்பு. அது திருத்தும் பொறுப்பை எவர்மீதும் சுமத்துவதில்லை. முத்திரை ஏன் விரும்பப்படுகிறது என்பதற்கும் இதுவே விடை. பேருந்து விடவேண்டிய மன்றமும், வீட்டில் உதவவேண்டிய கணவனும், சென்று காணவேண்டிய ஆயரும் அதனால் பொறுப்பினின்று விடுபடுகின்றனர்.

5. நமது பணிக்கு உரிய படிப்பினை

இவ்வாராய்ச்சி அயல்நாட்டு நகரம் ஒன்றைப் பற்றியதாயினும், வீடுதோறும் செல்லும் பணியை மேற்கொண்டுள்ள நமக்கு இதில் கற்க வேண்டியது உண்டு. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்னும் பழமொழியை மேடையில் எளிதாகக் கையாளுகிறோம். பிள்ளையின் குறையைத் தாயின் கணக்கில் எழுதி, தாயின் குறையை அவள் வாழும் பகுதியின் கணக்கில் எழுதிவிட்டால், சந்திப்புக்குச் செல்லும் முன்னரே நம் முடிவு ஆயத்தமாகிவிடுகிறது. அதன்பின் நாம் கேட்பது, நாம் கேட்க எண்ணியிருந்ததையே.

ஆகவே ஒரு பகுதித் தாய்மாரைப் பற்றிய கூற்று நம் செவியில் விழும்போது மூன்று கேள்விகளைக் கேட்டல் நலம். இதனைக் கூறியவர் யாரைக் கண்டார், யாரைக் காணவில்லை? இவர்கள் இங்கு வந்து எத்தனை ஆண்டுகள் ஆயின? இக்கூற்றை நம்புவதால் யாருடைய பொறுப்பு குறைகிறது? டெய்லரின் 1938-ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் கேள்வியில் தளர்கிறது. 1957-ஆம் ஆண்டு நூல் இரண்டாவதில் தளர்கிறது. டவர் ஹாம்லெட்ஸ் மன்றத்தின் கொள்கை மூன்றாவதில் தளர்கிறது.

அன்னையர் திருநாள் பிரசங்கங்களுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். என்றும் பொறுமை காப்பவள், என்றும் சோர்வடையாதவள் என்று ஒரு தாயைப் பீடத்தில் ஏற்றும்போது, ஆலயத்தின் கடைசி வரிசையில் சோர்ந்து அமர்ந்திருக்கும் தாய் தன்னைக் குற்றவாளியாகக் கருதிக்கொள்கிறாள். தன் சோர்வை ஆயரிடம் சொல்லவும் அஞ்சுகிறாள். மனந்திறந்து பேசத் துணை இல்லாமையே மனச்சோர்வுக்கு வழிவகுக்கும் காரணிகளுள் ஒன்று என்று மேலே கண்டோம். அத்துணையாக இருக்கவேண்டிய நாம், நம் புகழ்ச்சியாலேயே அவள் வாயை அடைத்துவிடலாகாது. அவளைப் பற்றி நாம் பேசும் நேரத்தைக் குறைத்து, அவள் பேசும் நேரத்தைக் கூட்டுவதே முதற்கண் செய்யத்தக்கது.