மலிவாகத் தெரிந்த பங்கு

திருகோணமலைக் குடாவைச் சுற்றியுள்ள பெரிய தொழில்களில் இரண்டின் பங்குகளைக் கொழும்புப் பங்குச் சந்தையில் யாரும் வாங்கலாம். சீனக்குடாவில் எண்ணெய் முனையம் நடத்தும் லங்கா ஐ.ஓ.சி. ஒன்று, 1980களிலிருந்து இங்கே சிமெந்து அரைக்கும் டோக்கியோ சிமெந்து மற்றது. இங்கேயே உள்ள பிரீமா மா ஆலை பட்டியலிடப்படாதது. அதன் கணக்கு நமக்குத் திறக்காது. இந்த இரண்டையும் எடைபோட நம்மவர்கள் முதலில் எடுப்பது விலை-உழைப்பு விகிதம், அடுத்து விலை-புத்தகப் பெறுமதி விகிதம். உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்குக் கைவந்த கணக்குகள் இவை. ஆனால் இந்தத் துறைமுகத்து நிறுவனங்களைப் பொறுத்தவரை, அதிகம் பேசப்படும் இந்த இரண்டு விகிதங்களுமே அதிகம் ஏமாற்றுபவை என்று நினைக்கிறேன்.

லங்கா ஐ.ஓ.சி.யின் 2022ஆம் ஆண்டைப் பார்ப்போம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் விற்ற 92 ஒக்டேன் பெற்றோலின் விலை லீற்றருக்கு 177 ரூபா. மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மே மாதம் 420, ஜூன் 26இல் 470. ஜூலையில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம் பொதுமக்களுக்கு விற்க எரிபொருளே இல்லாமல் போனபோது, ஐ.ஓ.சி. நிலையங்களின் முன்னால்தான் நாடு வரிசையில் நின்றது. ரூபா சரியச் சரிய, பழைய விலையில் இறக்கிய இருப்பு புதிய விலையில் விற்றது. 2023 மார்ச்சில் முடிந்த நிதியாண்டின் இலாபம் 3,500 கோடி ரூபாவைக் கடந்தது. பங்குகள் ஏறத்தாழ 53 கோடி. பங்கொன்றுக்கான உழைப்பு 65 ரூபாவுக்கு மேல் வந்தது. விலை-உழைப்பு விகிதம் மூன்றுக்கும் கீழே இறங்கியது. மூன்று ஆண்டு இலாபத்தில் முதல் திரும்பிவிடும் என்று அந்த எண் சொன்னது. அடுத்த ஆண்டிலேயே இலாபம் பெரிதும் சரிந்தது. 2023இன் பிற்பகுதியில் சீனாவின் சினோபெக் நிறுவனமும் எரிபொருள் சில்லறைச் சந்தைக்குள் வந்துவிட்டது.

இங்கே கணக்கு பிழைக்கவில்லை. ஒரே ஓர் ஆண்டின் உழைப்பை எல்லா ஆண்டுக்கும் உரியதாக எடுத்துக்கொண்டதுதான் பிழை. அரசின் விலைத் தீர்மானமும் செலாவணி வீதமும் இலாபத்தை நிர்ணயிக்கும் தொழிலில், விகிதம் மிகக் குறைவாக இருக்கும் வேளை பெரும்பாலும் உழைப்பு உச்சத்தில் நிற்கும் வேளை. இருப்பிலிருந்து வந்த இலாபத்தின் ஒரு பகுதி உண்மையில் பங்குதாரருக்கு உரியதும் அல்ல; கூடிய விலையில் அடுத்த கப்பலை இறக்க அது திரும்பவும் தேவைப்படும். பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டொட்டும் 1934இல் வெளியிட்ட நூலிலேயே, ஏழு முதல் பத்து ஆண்டுகளின் சராசரி உழைப்பைக் கொண்டு விலையை அளக்கச் சொன்னார்கள். ஆண்டறிக்கைகளின் பின்பகுதியில் பத்தாண்டுச் சுருக்கம் அச்சாகித்தான் வருகிறது. தரகர் அறிக்கைகள் அதை விட்டுவிட்டுக் கடைசி நான்கு காலாண்டுகளோடு நின்றுவிடுவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. சிறு சேமிப்பைக் கொண்டு வருபவர் அந்தத் தரகர் அறிக்கையைத்தான் நம்புகிறார்.

இன்னொன்றும் உண்டு. மூன்று மடங்கு மலிவா என்பதை வட்டி வீதத்தைப் பார்க்காமல் சொல்ல முடியாது. 2022இன் இறுதியில் திறைசேரி உண்டியல்கள் 30 சதவீதத்தை ஒட்டிய வருமானம் தந்தன. அதை விலை-உழைப்பு விகிதத்தின் மொழியில் சொன்னால், மூன்றேகால் மடங்கு. அரசுக் கடனே அந்த விலைக்குக் கிடைத்தபோது, ஒரு நிறுவனத்தின் பங்கு மூன்று மடங்கில் நிற்பதில் அதிசயமில்லை. பத்துக்குக் கீழே என்றால் மலிவு என்று மனப்பாடமாகிவிட்ட வாய்பாடு அந்த நாட்களில் எத்தனை பேரை அவசரப்படுத்தியிருக்கும்!

புத்தகப் பெறுமதியின் நிலை இதைவிட மோசம். சீனக்குடாவின் 99 எண்ணெய்க் குதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். பிரித்தானியர் விட்டுச்சென்றவை, அவற்றில் மேல் குதத் தொகுதி பல பத்தாண்டுகள் காட்டுக்குள் துருவேறிக் கிடந்தது. 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 குதங்கள் ஐ.ஓ.சி.க்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 சதவீதம், ஐ.ஓ.சி.க்கு 49 சதவீதம். குத்தகை ஐம்பது ஆண்டுக்கு. இந்தக் குடாவின் இடவசதி ஐந்தொகையில் என்ன பெறுமதியில் நிற்க முடியும்? இடப்பட்ட முதல் மட்டும் பதிவாகும். புனரமைப்பு நடந்து கப்பல்கள் வந்தால் அந்த எண் மிகக் குறைவு. நடக்காமலே போனால் மிகக் கூடுதல். 2017இல் இதே குதங்களுக்காகப் பெற்றோலியத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அப்படிப்பட்ட ஆபத்துக்கு எந்த விகிதத்திலும் இடமில்லை.

அதற்காக விகிதங்களையே தள்ளிவிடுவது அறியாமை. 1910களில் அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரவுன் உருவாக்கிய பகுப்பு முறை, மேலே சொன்ன ஏமாற்றத்தை அந்த நேரத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும். மூலதனத்தின் மீதான வருமானத்தை அது இலாப விளிம்பு, சொத்துப் புரள்வு என்றும், பின்னாளில் சேர்ந்தபடி கடன் பங்கு என்றும் உடைத்துப் பார்க்கிறது. எரிபொருள் விற்பனை இயல்பில் மெல்லிய விளிம்பும் வேகமான புரள்வும் உள்ள தொழில். அதில் ஒரே ஆண்டில் விளிம்பு மட்டும் பல மடங்கு தடித்தால், வந்தது திறமையின் இலாபமா, விலையேற்றத்தின் இலாபமா என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்வியை எழுப்ப வைப்பதே விகிதத்தின் உண்மையான பலம்.

நான் முதலில் பார்ப்பது வட்டிக் காப்பு, அதாவது வட்டிக்கு முந்திய இலாபம் வட்டிச் செலவைப் போல் எத்தனை மடங்கு என்பது. டோக்கியோ சிமெந்து போன்ற நிறுவனம் கிளிங்கரை டொலர் கொடுத்து இறக்குமதி செய்கிறது, ரூபாவில் விற்கிறது, இடைப்பட்ட காலத்தைக் கடனால் நிரப்புகிறது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வீதங்களை ஒரேயடியாக ஏழு சதவீதப் புள்ளி உயர்த்தியது. எட்டு சதவீத வட்டியில் ஐந்து மடங்கு காப்புள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கடன் வட்டி படிப்படியாக 24 சதவீதம் வரை ஏறினால், வேறெதுவும் மாறாமலே காப்பு ஒன்றே முக்கால் மடங்குக்கும் கீழே வந்துவிடும். விலை-உழைப்பு விகிதம் இதை ஓர் ஆண்டு கழித்தே சொல்லும். உயரும் வட்டியை வைத்துக் கணக்கிட்டால் வட்டிக் காப்பு அன்று மாலையே சொல்லிவிடும். அதற்கடுத்து, இலாபத்தில் எவ்வளவு காசாக வந்தது என்பது. காசுப் பாய்ச்சல் கூற்றின் முதற்பகுதியில் வரும் செயற்பாட்டுக் காசை இலாபத்தால் வகுத்தால் போதும். சிமெந்து முகவரிடம் முடங்கிய பணமும் களஞ்சியத்தில் முடங்கிய பணமும் அங்கே வெளிப்பட்டுவிடும்.

டோக்கியோ சிமெந்து இன்னொரு பாடத்தையும் கையில் தருகிறது. அதற்கு வாக்குரிமையுள்ள பங்கு, வாக்குரிமையற்ற பங்கு என இரண்டு வகை. இரண்டும் சந்தையில் விற்பனையாகின்றன. பங்கொன்றுக்கான உழைப்பு இரண்டுக்கும் ஒன்றே, ஆலையும் கடனும் ஒன்றே. விலை மட்டும் வேறு; வாக்கற்றது வழக்கமாகக் குறைந்த விலையில் போகும். ஆகவே ஒரே நாளில் ஒரே நிறுவனத்துக்கு இரண்டு விலை-உழைப்பு விகிதங்கள். பெருமளவு பங்கு நிறுவனர் குடும்பத்தின் நிறுவனத்திடமும் வேறு பெரும் பங்குதாரர்களிடமும் இருக்கையில், நூறு பங்கு வைத்திருப்பவரின் வாக்கு எதை மாற்றப்போகிறது? அவருக்கு வாக்கற்ற பங்கே பொருத்தம் என்பது என் கருத்து. விற்க நினைக்கும் நாளில் வாங்குபவர் இருப்பாரா என்பதை மட்டும், இரண்டு பங்குகளின் நாளாந்தக் கொடுக்கல் வாங்கல் அளவை ஒப்பிட்டு அவர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.