கூடத்தில் ஓர் அவை: குடும்பத் தொலைக்காட்சியும் இடக்கரடக்கலும்



போன தவணையில் என் படிவம் 5 மாணவர்களுக்கு ஒரு விவாதக் கட்டுரை கொடுத்தேன். தொலைக்காட்சி குடும்பப் பண்பாட்டைக் காக்கிறதா, கெடுக்கிறதா என்பது தலைப்பு. குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து திருத்தினேன். ஒரு கோப்பி ஆறுவதற்குள் ஒரு வாக்கியம் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது: 'அரைகுறை ஆடைக் காட்சிகள் இளைஞர்களைச் சீரழிக்கின்றன.' ஏறக்குறைய எல்லாத் தாளிலும் இது இருந்தது. பிழையில்லாத வாக்கியம்தான், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அதை எழுதியவர் யாரும் யோசித்து எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

நம் வீட்டில் நடப்பதைப் பார்ப்போமே. இரவு சாப்பாடு முடிந்து எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருக்கிறோம். படத்தில் ஒரு நெருக்கமான காட்சி வருகிறது. அப்பா செருமுகிறார். அம்மாவுக்குத் திடீரென்று அடுப்படியில் வேலை வந்துவிடுகிறது. அக்கா கைத்தொலைபேசியைக் குனிந்து பார்க்கிறாள். யாரோ ரிமோட்டை எடுத்து அலைவரிசையை மாற்றுகிறார்கள். யாரும் எதுவும் பேசுவதில்லை. இதை நாம் பண்பாடு என்கிறோம். நான் கேட்பது ஒன்றுதான்: அந்த நிமிடத்தில் நாம் எதைக் காப்பாற்றினோம்?

இதற்கு விடை தேட நமக்கு வெளியே போக வேண்டியதில்லை, இலக்கண வகுப்பிலேயே இருக்கிறது. தகுதி வழக்கு மூன்று என்று நன்னூல் வழியே படித்திருக்கிறீர்கள்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இவற்றில் முதலாவதை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். மலம் கழித்து வந்தவர் 'கால் கழுவி வந்தேன்' என்கிறார். தொல்காப்பியர் இத்தகைய சொற்களுக்கு எச்சவியலில் தந்திருக்கும் பெயர் 'அவையல் கிளவி'. அதாவது அவையில் சொல்லத் தகாத சொல்.

இந்தப் பெயரை ஊன்றிக் கவனியுங்கள். சொல் கெட்டது என்று அவர் சொல்லவில்லை, அவைக்கு ஆகாது என்றுதான் சொல்கிறார். தகுதி சொல்லில் மட்டும் இல்லை, யார் யார் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது. அதோடு, மறைத்துச் சொல்வதும் சொல்வதுதான். 'கால் கழுவி வந்தேன்' என்றால் கேட்டவருக்குச் செய்தி முழுசாகப் போய்ச் சேர்கிறது. வாயை மூடிக்கொள்வது இடக்கரடக்கல் ஆகாது. அப்படியானால், ரிமோட்டை அழுத்துவது?

இந்த அளவுகோலோடு ஓர் உண்மை நிகழ்வைப் பார்ப்போம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி 1993-இல் வந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' இரண்டாம் உலகப் போரில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததைப் பற்றிய படம். அதில் முகாம் கைதிகளை ஆண், பெண் பார்க்காமல் ஆடை களையவைத்து ஓடவிடும் காட்சி உண்டு. வேலைக்குத் தெம்புள்ளவர் யார், சாக வேண்டியவர் யார் என்று பிரிப்பதற்காக அந்த ஓட்டம். அதைப் பார்க்கிறவருக்கு வருவது கூச்சமில்லை, நடுக்கம்.

1994-இல் நம் நாட்டுத் தணிக்கை வாரியம் இந்தப் படத்தைத் தடை செய்தது. முதலில் சொன்ன காரணம் உடல் இல்லை, ஓர் இனத்துக்கு ஆதரவான பிரச்சாரம் என்பது. எதிர்ப்பு எழுந்த பிறகு, நிர்வாணமும் வன்முறையும் உள்ள காட்சிகளை வெட்டினால் திரையிடலாம் என்றார்கள். வெட்டக்கூடாது என்பது ஸ்பீல்பெர்க்கின் நிபந்தனை. ஆகவே படம் அப்போது நம் திரையரங்குகளுக்கு வரவில்லை.

மூன்று ஆண்டு கழித்து அதே படம் அமெரிக்காவில் குடும்பத் தொலைக்காட்சிக்கு வந்தது. 23 பிப்ரவரி 1997, ஞாயிற்றுக்கிழமை மாலை, என்பிசி நிறுவனம் ஏறக்குறைய முழுப் படத்தையும் ஒளிபரப்பியது. சுமார் 6 கோடியே 50 லட்சம் பேர் பார்த்தார்கள். ஓக்லஹோமா மாநிலக் காங்கிரஸ் உறுப்பினர் டாம் கோபர்ன், நிர்வாணமும் வன்முறையும் நிறைந்த இந்த ஒளிபரப்பால் தொலைக்காட்சி தரம் தாழ்ந்துவிட்டது என்று கண்டித்தார். அவருடைய சொந்தக் கட்சியினரே அவரைச் சாடினார்கள். பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார், ஆனால் குழந்தைகள் தூங்கிய பிறகு, இன்னும் பிந்திய நேரத்தில் போட்டிருக்கலாம் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை.

கோபர்னைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். மாணவர்களே, அதைச் செய்யாதீர்கள். அவர் பேச்சில் இரண்டு கருத்துகள் கலந்திருந்தன. சாவுக்கு விரட்டப்படும் உடலையும் கவர்ச்சிக்காகக் காட்டப்படும் உடலையும் ஒரே தராசில் வைத்தார், அது தவறு. ஏழு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும் அவைக்கு அந்த நேரம் ஆகுமா என்று கேட்டார், அது நியாயமான கேள்வி. முதலாவது பொருளைப் பற்றியது, இரண்டாவது அவையைப் பற்றியது. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் உங்கள் விவாதக் கட்டுரை பாதி முடிந்த மாதிரி.

பொருளைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 1996-லேயே தெளிவாகப் பேசியது. பூலான் தேவியின் வாழ்க்கையைச் சொல்லும் 'பேண்டிட் குயின்' படத்தை சேகர் கபூர் இயக்கியிருந்தார். ஊரார் பார்க்க அவளை நிர்வாணமாக்கிக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவைக்கும் காட்சியை எதிர்த்து வழக்கு நடந்தது. டெல்லி உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது, உச்ச நீதிமன்றம் அதைத் திரும்பக் கொடுத்தது. அந்தக் காட்சி எழுப்புவது காமத்தை அல்ல, அவள்மேல் இரக்கத்தையும் அதைச் செய்தவர்கள்மேல் அருவருப்பையும்தான் என்பது தீர்ப்பின் சாரம். அதை விளக்கத் தீர்ப்பில் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' படமும் குறிப்பிடப்பட்டது. அதே வேளையில் 'பேண்டிட் குயின்' பெரியவர்களுக்கான 'ஏ' சான்றிதழோடுதான் வெளிவந்தது. பொருளுக்கு நியாயம் செய்தார்கள், அவைக்கும் எல்லை வைத்தார்கள்.

'டீச்சர், அதெல்லாம் வெளிநாட்டுப் படம், ஹிந்திப் படம். நம்ம படத்துல அப்படியா எடுக்கிறாங்க?' என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. 2019-இல் ரத்னகுமார் இயக்கத்தில் அமலா பால் நடித்த 'ஆடை' வந்தது. சுவரொட்டியும் முன்னோட்டமும் வெளிவந்தபோதே எதிர்ப்பு கிளம்பியது. காமினி என்ற கதைநாயகி ஒரு தொலைக்காட்சி நிலையத்தில், தெரியாதவர்களை ஏமாற்றிச் சிரிக்கும் நிகழ்ச்சி நடத்துகிறவள். ஒரு நாள் ஆளில்லாத கட்டடத்தில் உடம்பில் துணியில்லாமல் கண்விழிக்கிறாள். இது படிக்கக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் இருளும் பொருள்களும் கேமராக் கோணமும் அவளை மறைத்துக்கொண்டே இருக்கின்றன. நமக்குத் தெரிவது அவள் உடம்பைவிட அவள் பயம். சொல்லால் நாம் செய்யும் இடக்கரடக்கலை இந்தப் படம் ஒளியால் செய்கிறது.

குறையையும் சொல்ல வேண்டும். படம் நங்கேலியின் கதையோடு தொடங்குகிறது. மார்பை மறைக்க வரி கேட்டவர்களிடம் தன் மார்பையே அறுத்துக் கொடுத்தாள் என்று கேரளத்தில் வாய்வழியாகச் சொல்லப்படும் பெண் அவள். பழைய திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தையும் சேர்த்து, சாதியைக் காட்டிப் பெண்களுக்கு மேலாடையை மறுத்த கொடுமை வரலாற்றில் பதிவானது. தோள்சீலைப் போராட்டத்தின் விளைவாக 1859-இல்தான் நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ள அரசு ஆணை வந்தது. இவ்வளவு கனமான தொடக்கத்தைக் கொடுத்துவிட்டு, முடிவில் படம் காமினியை நிற்கவைத்து அறிவுரை சொல்கிறது. காட்சி சொல்லிவிட்டதை வசனம் மறுபடி சொல்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். முற்பாதியில் நிகழ்ச்சி என்ற பெயரில் அப்பாவிகளை அவமானப்படுத்துகிறாள் காமினி. அதை ஆபாசம் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. சுவரொட்டியில் தெரிந்த தோள்தான் எல்லார் கண்ணையும் குத்தியது.

இங்கேதான் நம் வீட்டு ஹாலுக்குத் திரும்ப வேண்டும். எல்லா வயதினரும் பார்க்கலாம் என்ற 'யூ' அடையாளத்தோடு வரும் படப்பாடல்களை எண்ணிப் பாருங்கள். நடனமாடும் பெண் சட்டப்படி போதுமான உடைதான் போட்டிருக்கிறாள். ஆனால் கேமரா அவள் முகத்துக்குப் போவதே இல்லை, இடுப்பிலேயே சுற்றுகிறது. பத்து ஆண்கள் சுற்றி நின்று கூச்சல் போடுகிறார்கள். அப்பா செருமுவதில்லை. சின்னத் தங்கை எழுந்து அதே மாதிரி ஆடினால் கைதட்டி, படம் பிடித்து, உறவினர் புலனக் குழுவில் போடுகிறோம். துணியை அளந்து பார்க்கும் கண்ணுக்கு இது தப்பித்துவிடுகிறது. நம் தொடர்களில் மாமியார் மருமகளை நாலு பேர் முன்னால் அறைவதும் அப்படித்தான் தப்பிக்கிறது.

அவையும் மாறிவிட்டது. மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது 28 டிசம்பர் 1963. தோட்டத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருந்தால் லயத்துச் சனம் பூராவும் அங்கேதான் இருக்கும் என்று அம்மா சொல்வார். அது நிஜமாகவே அவை. 1996-இல் ஆஸ்ட்ரோ வந்தபின் தட்டு முளைத்த வீடெல்லாம் ஓர் அவை ஆனது. இன்று ஒரே ஹாலில் ஐந்து பேர், ஐந்து கைத்தொலைபேசிகள். ஒவ்வொருவரும் ஓராள் அவை. அப்பா ரிமோட்டால் மாற்றிய காட்சியை மகன் போர்வைக்குள் தேடி எடுத்துவிடுகிறான். பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாததால், அது இரக்கத்துக்குரிய உடலா, விற்பனைக்கு வைத்த உடலா என்று அவனுக்குச் சொல்ல ஆளில்லை. பேசாமல் மாற்றிய அலைவரிசைக்கு நாம் கொடுக்கும் விலை இதுதான்.

ஆகவே தேர்வு மாணவர்களே, 'அரைகுறை ஆடை' என்ற சொல் பேனாமுனைக்கு வரும்போது கொஞ்சம் நிறுத்துங்கள். இந்த அவையில் யார் இருக்கிறார்கள், வயது என்ன, நேரம் என்ன என்று கேளுங்கள். அந்த உடல் ஓர் ஆளுடைய உடலாகக் காட்டப்படுகிறதா, பார்க்கிறவனுக்கு வைத்த பண்டமாகவா என்று கேளுங்கள். மறைத்தபின்னும் சொல்ல வந்தது போய்ச் சேர்கிறதா என்றும் கேளுங்கள். மூன்றுக்கும் ஆளுக்கொரு எடுத்துக்காட்டு எழுதினால், உங்கள் கட்டுரை மற்றவர் கட்டுரையைப் போல இருக்காது.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன், இது என் தவறு. தோட்டப்புற வாழ்க்கை பற்றிய பாடத்துக்கு என் கொள்ளுப்பாட்டியின் படத்தைத் திரையில் போட்டேன். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தக் காலத்து வழக்கப்படி ரவிக்கை இல்லாமல் சேலை மட்டும் கட்டியிருப்பார். பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. 'டீச்சர், ஆபாசமா இருக்கு' என்றான் ஒருவன். நான் சட்டென்று அடுத்த படத்துக்குப் போய்விட்டேன். என் அப்பா ரிமோட்டை அழுத்துவாரே, அதே வேகம். பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று இரவு எச்சவியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவையல் கிளவியை மறைக்கச் சொன்ன தொல்காப்பியர் அதோடு நிற்கவில்லை. வழக்கில் மருவி நிலைத்துவிட்ட சொல்லை மறைக்க வேண்டாம் என்று அடுத்தே சொல்கிறார். பசுவின் சாணத்தை 'ஆப்பி' என்று கூசாமல் சொல்வதை உரைகாரர்கள் உதாரணம் காட்டுவார்கள். பாட்டியின் சேலைக்கட்டும் அவர் காலத்து வழக்கு. வெயிலில் உழைத்த ஒரு சமூகத்தின் சாதாரண உடுப்பு. அதை ஆபாசம் ஆக்கியது அந்தப் பையனின் சிரிப்பு மட்டுமில்லை, என் அவசரமும்தான்.

வரும் தவணையில் அந்தப் படத்தை மறுபடி போடப் போகிறேன். இந்த முறை முதலில் பாட்டியின் பெயரைச் சொல்வேன், எத்தனை மணிக்கு எழுந்து மரம் வெட்டப் போவார் என்று சொல்வேன். அப்புறம் படம். யாராவது சிரித்தால் நிறுத்தி, ஏன் சிரிப்பு வந்தது என்று கேட்பேன். நீங்களும் உங்கள் வகுப்பில் இதை முயன்று பாருங்கள், வீட்டு ஹாலிலும்தான். அடுத்த முறை அப்பா செருமும்போது அலைவரிசையை மாற்றுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. மாற்றிவிட்டு, ஏன் மாற்றினோம் என்று பிள்ளையிடம் ஒரு வாக்கியமாவது பேசுங்கள்.