துப்பாக்கியும் சட்டமும்: றொபேட் வில்லியம்ஸின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

அரசியல் வாதங்களை முன்வைத்து எழுதப்படும் சிறு நூல்கள், அவை பிறந்த சந்தர்ப்பம் மறைந்ததும் தாமும் மறைந்துவிடுவதே வழக்கம். சில நூல்கள் மாத்திரம் தம்மை எழுதியவரின் நோக்கத்திற்கு முற்றிலும் புறம்பானோராலும் எடுத்தாளப்பட்டு நெடுங்காலம் வாழ்கின்றன. ஐக்கிய அமெரிக்காவின் கறுப்பினத் தலைவர்களுள் ஒருவரான றொபேட் எப். வில்லியம்ஸ் எழுதி 1962இல் நியூயோர்க்கில் வெளிவந்த ‘துப்பாக்கி ஏந்திய நீக்ரோக்கள்’ அத்தகையதொன்று. நீக்ரோ என்பது அக்காலத்தில் அம்மக்கள் தம்மைக் குறிக்கவும் வழங்கிய சொல். வன்முறைக்கான அறைகூவல் என இந்நூலைச் சிலர் கண்டித்தனர். ஆயுதம் தாங்கும் உரிமையின் சாசனம் எனச் சிலர் போற்றினர். இவ்விரு சாராரும் நூலின் மையத்தைத் தவறவிட்டனர் என்றே கூறவேண்டும்.

நூலின் களம் வட கரோலைனா மாநிலத்தின் மொன்றோ என்னும் சிறு நகரம். இராணுவ சேவை முடிந்து ஊர் திரும்பிய வில்லியம்ஸ், கறுப்பின மக்களின் முன்னேற்றத்திற்கான தேசிய சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்குத் தலைவரானபோது அக்கிளை ஏறத்தாழ அழிந்துபோயிருந்தது. தொழிலாளர், முன்னாட் படைவீரர் முதலியோரைச் சேர்த்து அவர் அதற்கு உயிரூட்டினார். அவர்களது முதற் கோரிக்கைகளுள் ஒன்று நீச்சற் தடாகம் பற்றியது. மத்திய அரசின் நிதியாற் கட்டப்பட்ட தடாகத்தில் கறுப்பினச் சிறுவருக்கு இடமில்லை. குளங்குட்டைகளில் நீந்தச் சென்ற பிள்ளைகள் மூழ்கி இறந்தனர். வாரத்தில் ஓரிரு நாளேனும் தருமாறு கேட்டபோது, அவர்கள் நீந்தியபின் நீரை மாற்றுவதற்குப் பெருஞ் செலவாகும் என்பதே அதிகாரிகளின் விடையாயிற்று.

இக்கோரிக்கையைத் தொடர்ந்து கூ குளுக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறி அமைப்பினர் வாகனங்களில் ஊர்வலமாக வந்து மக்களை அச்சுறுத்தினர். ஊர்வலங்களைத் தடைசெய்யுமாறு விடுத்த வேண்டுகோளுக்கு, ஒன்றுகூடுவது அவர்களின் அரசியலமைப்பு உரிமை எனப் பதில் கிடைத்தது. வில்லியம்ஸும் தோழர்களும் தேசிய றைபிள் கழகத்தின் அங்கீகாரம் பெற்று ஒரு துப்பாக்கிக் கழகத்தை அமைத்தனர். 1957 ஒக்டோபரில், உள்ளூர்க் கிளையின் துணைத்தலைவரான மருத்துவர் அல்பேட் பெரியின் இல்லத்தைத் தாக்க வந்தோர் துப்பாக்கிச் சூட்டால் விரட்டப்பட்டனர். முன்னர் உரிமை பற்றிப் பேசிய நகர சபை, இதன்பின் அவசரமாகக் கூடி, அனுமதியற்ற ஊர்வலங்களைத் தடைசெய்தது.

நூலின் கருத்தச்சு இந்நிகழ்ச்சியே. வில்லியம்ஸ் துப்பாக்கியைச் சட்டத்திற்கு மாற்றீடாக முன்வைக்கவில்லை. ஒரு சாராருக்கு மாத்திரம் உறங்கிக்கிடந்த சட்டத்தை விழிக்கச்செய்யும் கருவியாகவே அதனைக் காண்கிறார். இருதரப்பு உயிர்களும் ஆபத்துக்குள்ளாகும்போதுதான் அரசு நடுநிலை வகிக்க முற்படுகிறது என்பது அவரது அனுபவ முடிவு. வாதத்தை அருவமான கோட்பாடாக வளர்க்காது, தடாகம், வீதி, வீட்டு வாயில் எனப் பருப்பொருளான இடங்களில் நிறுத்திக் காட்டுவதே இந்நூலின் நடைச்சிறப்பு. மேடைப்பேச்சின் வேகமும் சாட்சியமளிப்பவரின் நிதானமும் அதில் ஒருங்கே அமைந்துள்ளன.

எனினும் நூலின் குறையும் இங்கேயே தொடங்குகிறது. 1959இல், கறுப்பினக் கர்ப்பிணியொருத்தியை வல்லுறவுக்குட்படுத்த முயன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வெள்ளையர் விடுதலை செய்யப்பட்டார். பழிவாங்க எழுந்தோரை நீதிமன்றத்தை நம்புமாறு தடுத்தவர் வில்லியம்ஸே. தீர்ப்பின்பின் பெண்கள் அவரைக் கடிந்தனர். அக்கொதிப்பில் நீதிமன்றப் படிகளில் நின்று, வன்முறையை வன்முறையாற் சந்திக்கவேண்டும் என அவர் அறிவித்தார். பின்னர், தாம் கருதியது தற்காப்பையே என விளக்கினார். தேசிய சங்கம் அவரைப் பதவியினின்று இடைநிறுத்தியது. வீட்டு வாயிலிற் காவல் நிற்பதும் தீர்ப்பின் அநீதிக்கு ஈடுசெய்வதும் வேறு வேறு செயல்கள். முன்னையது தாக்குதலோடு முடிகிறது. பின்னையதற்கு எல்லை வகுப்பவர் யார்? நூல் இவ்வினாவைத் தொட்டுச் செல்கிறதேயன்றி எதிர்கொள்ளவில்லை.

இதனைத் தெளிவாகக் கண்டவர் மார்ட்டின் லூதர் கிங். 1959இல் அவர் எழுதிய மறுப்பு தூய அகிம்சை, தற்காப்பு, முன்னேற்றத்திற்கான வழியாக வன்முறையை அமைப்புரீதியாகக் கையாளுதல் என மூன்றைப் பிரித்துக் காட்டுகிறது. இரண்டாவதை அவர் கண்டிக்கவில்லை, மூன்றாவதையே நிராகரித்தார். 1956இல் தமது இல்லம் குண்டுவீச்சுக்கு உள்ளானபின், துப்பாக்கி வைத்திருக்க அனுமதி கோரி மறுக்கப்பட்டவர் அவர். ஆகவே அவரது மறுப்பை ஆபத்தறியாதவரின் உபதேசம் எனத் தள்ளிவிடல் இயலாது. கிங்கின் எழுத்தையும் சேர்த்தே வில்லியம்ஸின் நூல் அச்சிடப்பட்டமை அதன் நேர்மைக்குச் சான்றாகும்.

நூலின் பிற்கால வாழ்வு மேலும் சிந்தனைக்குரியது. அதனால் ஈர்க்கப்பட்டோருள் கருஞ்சிறுத்தைகள் கட்சியை நிறுவிய ஹியூ நியூட்டனும் ஒருவர். 1967இல் அக்கட்சியினர் ஆயுதங்களுடன் கலிபோர்னியாச் சட்டமன்றத்தினுள் நுழைந்தனர். அவ்வாண்டே, குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொதுவிடங்களில் ஏந்துவதைத் தடுக்கும் சட்டத்தில் ஆளுநர் றொனால்ட் றேகன் ஒப்பமிட்டார். தேசிய றைபிள் கழகமும் அதனை ஆதரித்தது. பின்னாளில் ஆயுத உரிமையின் முதன்மைக் காவலராக அறியப்பட்ட ஒருவரும் ஓர் அமைப்பும், உரிமை கறுப்புக் கரங்களிற் காணப்பட்டபோது கட்டுப்பாட்டின் பக்கம் நின்றமை கவனத்திற்குரியது.

2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பதைத் தனிமனித உரிமையாக ஏற்றது. 2022இல் அவ்வுரிமை வீட்டுக்கு வெளியேயும் விரிந்தது. இத்தகைய வாதங்களுக்குத் துணையாக, கறுப்பின மக்கள் ஆயுதத்தால் தம்மைக் காத்த வரலாறும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயினும் மொன்றோவில் நிகழ்ந்தது தனிமனிதன் தன் அயலவனுக்கு அஞ்சிக் கைத்துப்பாக்கி வாங்கிய கதையன்று; அரசு கைவிட்ட சமூகமொன்று கூட்டாக முறைவைத்துக் காவல் நின்ற கதை. கூட்டமைப்பையும் அரசியற் கோரிக்கையையும் நீக்கிவிட்டுத் துப்பாக்கியை மாத்திரம் எடுத்துக்கொள்வது நூலைச் சிதைப்பதாகும். 2016இல் மினசோட்டாவில் அனுமதிப்பத்திரம் பெற்ற கறுப்பினத்தவர் ஒருவர், தம்மிடம் துப்பாக்கி உள்ளதைத் தாமே பொலிசாரிடம் கூறியும், தம் காரிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டவர் மறு ஆண்டு விடுதலையானார். ஏட்டிலுள்ள உரிமை ஏந்துபவரின் நிறத்தோடு மாறுபடும் உண்மையை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது.

வில்லியம்ஸ் 1961இல் ஆட்கடத்தற் குற்றச்சாட்டுக்கு இலக்காகி நாட்டைவிட்டு வெளியேறினார். கியூபாவிலும் சீனாவிலும் வாழ்ந்து 1969இல் திரும்பினார். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. 1996இல் அவரது இறுதிச் சடங்கில் உரையாற்றியவர், அகிம்சைப் போராட்டத்தின் சின்னமாகக் கருதப்படும் றோசா பார்க்ஸ் ஆவார். தற்காப்பும் அகிம்சையும் ஒன்றையொன்று விலக்கும் இருவேறு முகாம்கள் என்ற எளிய பாகுபாட்டை அந்நிகழ்ச்சி தகர்த்துவிடுகிறது.

நூலின் நிலையான பெறுமதி அது தரும் விடையில் இல்லை. ஒரு மனிதன் துப்பாக்கியை எடுப்பதற்கு முன்னர் எத்தனை வாயில்கள் அவனுக்கு அடைக்கப்பட்டன என்ற வினாவை அது விடாது எழுப்புகிறது. ஆயுதம் ஏந்துவது சரியா, பிழையா என்று மாத்திரம் விவாதிப்போர், நீச்சற் தடாகத்தின் வாயில் ஏன் பூட்டப்பட்டிருந்தது என்பதை முதலில் ஆராய்தல் வேண்டும்.