விரலில் ஒட்டும் மஞ்சள்

ஜூன், ஜூலையில் பெங்களூரிலிருந்து ஊட்டிக்குக் காரில் போகிறவர்கள் குண்டலுப்பேட்டை பக்கம் சூரியகாந்தி வயலைக் கண்டதும் இறங்கிவிடுவார்கள். செல்ஃபி முடிந்து திரும்பும்போது சட்டையில் மஞ்சள் அப்பியிருக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் இன்னும் பரவும் (செல்லோ டேப்பை ஒட்டி உரித்தால் வந்துவிடும்). நான் ரசிக்கச் சொல்வது அந்த ஒட்டுதலை. இதழின் அழகை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலையில் போங்கள். நாம் ஒரு பூ என்று நினைப்பது நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளையம் வளையமாக மலரும். அன்றைக்கு மலர்ந்த வளையத்தைத் தேடுங்கள். ஒவ்வொரு சிறு பூவிலும் ஐந்து மகரந்தப்பைகள் சேர்ந்து ஒரு குழலாக நிற்க, உள்ளேயிருந்து வளரும் சூல்தண்டு மகரந்தத்தை மேலே தள்ளிக்கொண்டு வரும். அதைக் கறுப்புத் தாளில் தட்டுங்கள். கட்டிகட்டியாக விழும். பக்கத்து வயலில் மக்காச்சோளம் பூத்திருந்தால் அதன் உச்சிப்பூவையும் தட்டுங்கள். மாவு போலச் சிதறும். மக்காச்சோளம் காற்றை நம்பியது. சூரியகாந்திக்குத் தேனீயின் ரோமத்தில் தொற்றிக்கொள்ள வேண்டும், அதற்குத்தான் எண்ணெய்ப் பூச்சு. பாடப்புத்தகத்தில் இதன் பெயர் போலன்கிட். மஞ்சளும் அதில் கரைந்திருக்கும் கரோட்டினாய்டுகளின் நிறமே.

இந்த எண்ணெயை மகரந்தத்தூள் தானே செய்துகொள்வதில்லை. மகரந்தப்பையின் உட்சுவரில் டபீட்டம் என்றொரு செல்லடுக்கு உண்டு. வளரும் தூளுக்கு ஊட்டம் தருவதும், ஸ்போரோபொலெனின் என்ற கெட்டியான வெளிச்சுவருக்குச் சரக்குத் தருவதும் அதுதான். கடைசியில் அந்தச் செல்களே சிதைந்து, சேர்த்துவைத்த கொழுப்பைத் தூளின்மேல் விட்டுவிட்டுப் போகும். சாவுக்கும் இங்கே நேரம் பார்க்க வேண்டும். முந்திவிட்டால் மகரந்தமே இல்லை.

அப்படி முந்திச் சாகும் டபீட்டத்தால் ஆண்மலடான சூரியகாந்தி வகையொன்றை பிரான்ஸில் லெக்லெர்க் 1969-இல் கண்டறிந்தார். அதை வைத்துத்தான் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் இந்தியாவின் முதல் சூரியகாந்தி வீரிய ஒட்டு ரகமான பி.எஸ்.எச்.-1ஐ 1980-இல் வெளியிட்டது. ஒட்டு விதை தரும் தாய்ச்செடியில் மகரந்தம் கிடையாது. அது தன் மகரந்தத்திலேயே கருவுறாமலிருக்க ஒவ்வொரு சிறு பூவிலும் மகரந்தப்பையைக் கையால் கிள்ளுகிற, நடக்காத வேலை மிச்சம். தந்தைச்செடியின் மரபணு அடுத்த தலைமுறைக்கு மகரந்தத்தைத் திருப்பித் தந்துவிடும். ஒரு செல்லடுக்கின் அகால மரணம் நம் சமையல் எண்ணெய் வரைக்கும் வந்திருக்கிறது!

மகரந்தத்தின் எண்ணெய்ப் பூச்சுக்குத் திரும்புவோம். அதன் வேலை ஒட்டுவதோடு முடியவில்லை. கடுகின் உறவான அரபிடாப்சிஸ் செடியில் பூச்சின் நீள்சங்கிலிக் கொழுப்பு இல்லாத வகைகள் உண்டு. அவற்றின் மகரந்தம் சூலகமுடியில் விழுந்தாலும் அங்கிருந்து ஈரம் இழுக்காது, முளைக்காது. காற்றில் ஈரப்பதத்தைக் கூட்டினால் முளைத்துவிடுகிறது.

ஊட்டிப் பயணம் இல்லையென்றால் பூக்கடைக்குப் போகலாம். ஆனால் பூங்கொத்துச் சூரியகாந்தி வேண்டாம்; மேசை அழுக்காகாமலிருக்க மகரந்தமில்லாத ரகங்களையே பெரும்பாலும் விற்கிறார்கள். லில்லி வாங்குங்கள், அதுவும் மொட்டாக. மலர்ந்ததென்றால் கடைக்காரரே மகரந்தப்பையைக் கிள்ளியிருப்பார். வீட்டில் மலர்ந்த பின் வழவழவென்றிருக்கும் பை பிளந்து, துருநிறத்தில் எண்ணெய்ப் பசையோடு திரும்பிக்கொள்வதை உட்கார்ந்து பார்க்கலாம். வெள்ளை மேசைவிரிப்பை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள்.