நடுவில் நிற்கும் தூண்

ஜொனாதன் கேப் பதிப்பகத்தின் பழைய புத்தகங்களில், தலைப்புப் பக்கத்தின் அடியில் ‘முப்பது, பெட்ஃபோர்டு சதுக்கம், லண்டன்’ என்றிருக்கும். எண்ணைக்கூட எழுத்தில்தான் அச்சிடுவார்கள். மால்கம் லௌரியின் எரிமலை நாவல் 1947இலும், மார்க்கேஸின் ‘நூறாண்டுத் தனிமை’யின் லண்டன் பதிப்பு 1970இலும் இந்த விலாசத்திலிருந்து வந்தவை. சதுக்கமோ 1775க்கும் 1783க்கும் இடையில் எழும்பியது. பதிப்பகம் குடிவந்தது 1925இல். பழைய உருவத்தில் புதிய உள்ளடக்கம் என்று நண்பர்கள் இதைப் பாராட்டக்கூடும். எனக்கு அதில் சம்மதமில்லை.

நிலம் பெட்ஃபோர்டு பிரபு குடும்பத்துடையது. குத்தகைக்கு எடுத்துக் கட்டியவர்களில் முக்கியமானவர்கள் வில்லியம் ஸ்காட், ராபர்ட் குரூஸ் என்ற இரு கட்டுநர்கள். ஒவ்வொரு பக்கமும் தூரத்திலிருந்து ஒரே அரண்மனைபோல் தெரியும். உண்மையில் அது நெருக்கி வைத்த வீடுகளின் வரிசை. மையம் மட்டும் வெள்ளைச் சாந்து பூசி, முக்கோண முகடும் சுவரோடு ஒட்டிய தூண்களும் கொண்டது. வடக்கு, தெற்குப் பக்கங்களில் இந்த மையம் இரண்டு வீடுகளால் ஆனது. ஆகவே தூண்கள் ஐந்து. ஒன்று முகட்டின் உச்சிக்கு நேர்கீழே விழுகிறது. நடுவில் திறப்பு இருக்கவேண்டும், தூண் இருக்கக் கூடாது என்பது செவ்வியல் இலக்கணம். படித்தவர்கள் இதைக் கொச்சை என்றார்கள். எனக்கோ சதுக்கத்திலேயே உண்மை பேசும் இடம் இதுதான். அரண்மனை என்ற பாவனைக்குப் பின்னே இரண்டு வீடுகளைப் பிரிக்கும் பொதுச்சுவர் இருக்கிறது என்று அந்தத் தூண் சொல்லிவிடுகிறது.

மற்ற இடங்களில் முகப்பு வேறொரு உண்மையைச் சொல்கிறது. 1774ஆம் ஆண்டின் லண்டன் கட்டடச் சட்டம் வீடுகளைத் தரம் பிரித்தது. 850 பவுனுக்கு மேல் மதிப்பும் 900 சதுர அடிக்கு மேல் தரைப்பரப்பும் உள்ளது முதல் தரம். சுவரின் கனம்கூடத் தரத்தைப் பொறுத்தது. வீட்டுக்குள்ளும் தரம்தான். ஜன்னல்களின் உயரத்தைக் கீழிருந்து மேலாகப் பார்த்தால் போதும்: விருந்தினரை உபசரிக்கும் முதல் மாடியில் மிக நீளம், அதற்கு மேல் குறுகல், வேலைக்காரர்கள் தூங்கிய உச்சியில் சிறு சதுரங்கள். சமையல் நிலவறையில், கரி நடைபாதைக்கு அடியில்.

வீடு அலுவலகமானபோது இந்த வரிசை கலையவில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் வழக்கமாக நடப்பது இதுதான்: சித்திரச் சாந்து விதானமுள்ள முதல் மாடி முன்னறை டைரக்டருக்கு, தட்டச்சுப் பெண்கள் உச்சியில், பார்சல் கட்டுவது நிலவறையில். யாரும் சதி செய்யவில்லை. அறைகளே ஆட்களைப் பொறுக்கிக்கொண்டன. நான் வேலைபார்க்கும் வங்கிக் கிளையில் மானேஜரின் கண்ணாடித் தடுப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை கழற்றி வேறிடத்தில் மாட்டிவிடலாம். செங்கல்லில் கட்டிய அந்தஸ்தை அப்படிக் கழற்ற முடியாது.

அலுவலகங்கள் வந்ததால்தான் வீடுகள் பிழைத்தன என்பதும் நிஜம். பக்கத்து டாரிங்டன் சதுக்கத்தின் பெரும்பகுதியைப் பல்கலைக்கழகம் விழுங்கிவிட்டது. பெட்ஃபோர்டு சதுக்கமோ இன்று காப்புப் பட்டியலில், அங்கேயும் முதல் தரத்தில்! வாசல்களைச் சுற்றியுள்ள கோட் செயற்கைக்கல்லை, வளைவுச்சியில் முறைக்கும் தாடிமுகங்களோடு சேர்த்து, யாரும் தொட முடியாது. சட்டம் காப்பது கல்லையும் சாந்தையும். அவற்றோடு சேர்ந்து எது காப்பாற்றப்படுகிறது என்பது பட்டியலில் வராது.

உருவம் ஒரு பாத்திரம், எதையும் ஊற்றலாம் என்று எழுதுகிறவர்கள் இந்த வீடுகளின் குறுக்குவெட்டு வரைபடம் ஒன்றைத் தேடிப் பார்க்கட்டும். அகலமான கல் படிக்கட்டு, மேலே கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் விழ, பெரும்பாலும் இரண்டாம் மாடியோடு நின்றுவிடுகிறது. அதற்குமேல் ஏற, சுவருக்குப் பின்னால் ஒடுங்கிய இன்னொரு படிக்கட்டு இருக்கிறது.